இடது பக்கத்துக் கட்டங்கள்

என் ரத்னாக்கா,

இது அச்சில் வரப்போகும் கடிதம். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் படிப்பார்கள். அதனால் உன் உடம்பின் அளவு ஒன்றுகூட இதில் வரக் கூடாது என்று காவ்யா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "அந்த அர இஞ்சு மட்டும் எழுதிக்கோங்க" என்று அனுமதி கொடுத்திருக்கிறாள். உன் மகளிடம் அனுமதி வாங்கி உனக்குக் கடிதம் எழுதும் நிலைக்கு வந்துவிட்டேன். சிரிக்காதே.

ஊர்ச் செய்தி முதலில். அத்திப்பள்ளி எல்லை நெரிசலில் வண்டிகள் இன்னும் அப்படியேதான் நிற்கின்றன. நம் பழைய கம்பெனியில் இன்னொரு மாடி எழுப்பிவிட்டார்கள். உன் வீட்டுக்காரர் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். அவராகப் போடவில்லை, காவ்யா போட வைக்கிறாள். மாடிப்படியில் நீ வைத்த ரோஜாச் செடி பிழைக்கவில்லை. அதை நான் சொல்லக் கூடாது என்று நினைத்தார்கள், சொல்லிவிட்டேன்.

நான் பாகலூர் ரோட்டுப் பயிற்சி நிலையத்தில்தான் இன்னும் இருக்கிறேன். டிஜிட்டல் பேஷன் டிசைன் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் ஒரு முழம் துணி கிடையாது, கத்தரி கிடையாது, குண்டூசிகூடக் கிடையாது. பதினெட்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. பிள்ளைகள் திரையில் வெட்டுகிறார்கள், திரையிலேயே தைக்கிறார்கள். திரையில் நிற்கிற பொம்மைக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். எங்கே இறுக்கமோ அங்கே சிவப்பு வரும், சரியாக இருந்தால் பச்சை. விரலில் ஊசி குத்திக்கொள்ளாமல் தையல் படிக்கிற தலைமுறை இது.

நீ யார் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்த கதையையே உன்னிடம் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள். ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கிற கம்பெனியில் நீ பக்கத் தையல் போடும் டைலர். நான் சாம்பிள் ரூமில் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான காகித அச்சு, வெட்டுகிறவள். தைத்த மாதிரிச் சட்டையைப் போட்டுக் காட்ட பெங்களூரிலிருந்து வர வேண்டிய மாடல் பெண் ஒருநாள் டிராபிக்கில் மாட்டிக்கொண்டாள். மாஸ்டர் தையல் மெஷின் வரிசைக்குள் நடந்து ஒவ்வொருத்தியையும் கண்ணாலேயே அளந்து, உன் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார். என்னை டேப்போடு அனுப்பினார். சட்டைகளை வாங்கும் வெளிநாட்டு பையர் கொடுத்திருந்த மீடியம் சைஸ் அட்டவணையும் நீயும் அச்சு அசலாக ஒன்று. அன்றிலிருந்து கடல் தாண்டி யார் யாரோ போட்ட சட்டைகள் எல்லாம் முதலில் உன் மேல் ஏறி இறங்கின.

மற்ற மாடல்கள் நேராக நிற்பார்கள். நீ நிற்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாய், குத்துக்காலிட்டுப் பார்த்தாய், பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி கையைத் தூக்கினாய். என் பேரை ஆம்பிளைப் பேராகச் சுருக்கி என்னைக் கூப்பிட்டாய்: "மாதேசு, இங்க புடிக்குது. கை தூக்குனா சட்டையும் கூடவே வருது பாரு." பையரின் ஆள் கன்னடத்தில் "நேர நில்லம்மா" என்றார். "நேரா நிக்கறதுக்கா சார் துணி போடறோம்?" என்று தமிழில் கேட்டாய். அவருக்குப் புரிந்தது. புரியாத மாதிரி நோட்டைப் புரட்டினார்.

உன் இடது தோள் வலது தோளைவிட அரை இஞ்சு இறங்கியிருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் முட்டைக்கோஸ் மூட்டைகளை அந்தத் தோளில்தான் தூக்கினாய் என்று சொல்வாய். சட்டை போட்டதும் கழுத்திலிருந்து இடது அக்குளுக்குச் சாய்வாக ஒரு சுருக்கம் விழும். "தோளத் தூக்கிக்கோக்கா" என்று நான் முணுமுணுப்பேன். பையரின் ஆள் பார்த்து முடிக்கிற வரை தூக்கி வைத்திருப்பாய். அவர் கதவைத் தாண்டியதும் இறக்குவாய். எனக்கு அது தப்பாகவே தோன்றியதில்லை. சாம்பிள் ஓகே ஆக வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு நான் இந்த வேலைக்கு வந்தேன். மென்பொருளோடு வந்த பொம்மை ஒல்லியாக, உயரமாக, ஓசூரில் எந்த பஸ்ஸிலும் பார்க்க முடியாத உடம்பாக இருந்தது. நம் ஊர்ப் பெண்ணின் உடம்பு வேண்டும் என்று பிடிவாதமாக உன்னிடம் வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொரப்பள்ளியில் உன் வீட்டு உள்ளறை, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பாவாடை ஜாக்கெட்டோடு நீ நிற்கிறாய். நான் டேப் பிடிக்கிறேன். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த காவ்யா கணக்கு நோட்டில் எழுதுகிறாள். ஸ்கேல் வைத்து வலது, இடது என்று இரண்டு பத்தி போட்டு, வரிசையாகக் கட்டம் கட்டி வைத்திருந்தாள்.

வலது பக்கம் முடிந்ததும் டேப்பைச் சுருட்டினேன்.

"ஏய், இந்தப் பக்கம்?" என்று கேட்டாய்.

"பாதி போதும்கா. மடிப்புல வெச்சுதானே வெட்டறோம்."

"எனக்கு இது எறங்கியிருக்குது தெரியுமில்ல?"

"கம்ப்யூட்டர் அதுவே சரி பண்ணிக்கும்" என்றேன்.

பேட்டர்ன் வெட்டுகிறவர்களின் கைப்பழக்கம் இது. துணியை இரண்டாக மடித்துப் பாதி உடம்பை வெட்டு, விரித்தால் முழு உடம்பு. மென்பொருளிலும் அதற்கு ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டால் வலது பக்கத்தை அப்படியே கண்ணாடி போல் இடது பக்கத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிடும். டிக் போட்டேன். ஃபைலுக்கு ‘ரத்னா’ என்று பேர் வைத்தேன். உனக்குப் போனில் படம் அனுப்பினேன். "இதா நானு? தோளு ரெண்டும் டீச்சர் மாதிரி நிக்குது" என்று எழுதினாய். நானும் சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பி, அதோடு விட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் நீ காய்ச்சல் என்று படுத்தாய். ஏழாவது நாள் நீ இல்லை. மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு வந்த முதல் திங்கட்கிழமை நான் வகுப்பு எடுத்தேன். ‘ரத்னாவுக்குக் குர்தா’ என்பதுதான் அன்றைய பாடம். எடுத்து முடித்தேன். அதன் பின் மூன்று செட் பிள்ளைகள் வந்து போனார்கள். "ரத்னாவத் திருப்பு", "ரத்னாவுக்கு நீலம் எடுக்கல", "மேடம், ரத்னா இடுப்புல செவப்பு வருது" என்று நாள் முழுக்க உன் பேச்சுதான். பழகிவிட்டது. காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் ஃபைலைத் திறந்து வைப்பேன். வகுப்புக்குத் தயார் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இந்த ஜூனில் புதிய பிள்ளைகளின் பட்டியல் வந்தது. அதில் காவ்யா பெயர். என்னிடம் சொல்லாமல் சேர்ந்திருந்தாள். சொன்னால் சிபாரிசு செய்வேன் என்று பயமாம். வகுப்பில் என்னை மேடம் என்பாள், வாசலைத் தாண்டினால் சின்னம்மா. நான் முதல் வேலையாக ரத்னா ஃபைலை உள்ளே எங்கேயோ ஒரு போல்டரில் தள்ளிவிட்டு ஒல்லிப் பொம்மையை எடுத்து வைத்தேன். அவளிடம் சொல்லிவிட்டு அப்புறம் எடுக்கலாம் என்று இருந்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு மாதம் ஓடியது.

அதற்குள் எங்கள் பயிற்சி நிலையத்தை நடத்தும் சார் ஒரு வேலை பிடித்து வந்தார். சிப்காட்டில் ஒரு கம்பெனிப் பெண்களுக்கு யூனிஃபார்ம் சட்டை. எங்கள் பிள்ளைகளே வடிவமைக்கலாம். நம் ஊர் உடம்புக்கு ஏற்ற பொம்மை எங்களிடம் இருக்கிறது என்று சொல்லித்தான் அந்த வேலையை வாங்கியிருக்கிறார். அன்று பத்து மணிக்கு வகுப்புக்குள் வந்து, புரொஜெக்டரைப் போட்டு, போல்டரைத் தேடி எடுத்து உன்னைச் சுவரில் நிறுத்தினார். ஆள் உயரத்துக்கு, சாம்பல் நிறத்தில், மேலே ஒரு பொட்டுத் துணி இல்லாமல். தலைக்கு மேல் பெயர்.

"இதான் நம்ம ரத்னா. திங்கக்கெழம இந்த ஃபைல கம்பெனிக்கு அனுப்பறோம். அவங்க எல்லாச் சைஸும் இதுல இருந்துதான் போடப் போறாங்க" என்றார்.

காவ்யா மூன்றாவது வரிசையில் இருந்தாள். சுவரையே பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். நான் உடனே பின்னால் போகவில்லை, அக்கா. சார் இருக்கிறார், பதினேழு பேர் இருக்கிறார்கள் என்று பத்து நிமிஷம் பாடம் எடுத்தேன். பிறகுதான் போனேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அது அம்மாவா?"

"அம்மாவோட அளவு."

"அம்மா துணியில்லாம செவுத்துல நிக்குது. எல்லாரும் பாக்கறாங்க."

"அது வெறும் பொம்ம, காவ்யா."

"பொம்மன்னா எதுக்கு அம்மா பேரு?"

வகுப்பில் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிறவள் நான், உனக்குத் தெரியும்.

"அது வெளிய போச்சுன்னா நா இங்க வர மாட்டேன். சத்தியமா வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

அது செவ்வாய்க்கிழமை. புதன் வரவில்லை, வியாழன் வரவில்லை. போன் எடுக்கவில்லை. அவள் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துத் தெருப் பெண்களோடு அவளும் கம்பெனி வேன் ஏறுவாள். அதில் குறைவு ஒன்றும் இல்லை, நாமும் ஏறியவர்கள்தான். ஆனால் நீ அவளை இந்தப் படிப்பு படிக்க வைக்க ஆசைப்பட்டாய். அந்த ஆசைக்குக் குறுக்கே நான் போய் நிற்கிறேன், அதுவும் உன் உடம்பை வைத்துக்கொண்டு. வியாழன் சாயங்காலம் சாரிடம் மெல்ல ஆரம்பித்தேன். "ஒரு பொம்மைக்கா மேடம் இவ்வளவு?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பொம்மை என்று நான்தானே இத்தனை வருஷம் சொல்லிவந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம், பிள்ளைகள் சாப்பிடப் போன நேரத்தில் காவ்யா வந்தாள். பையிலிருந்து அந்தக் கணக்கு நோட்டையும் உன்னுடைய மூன்று ஜாக்கெட்டுகளையும் எடுத்து மேஜையில் வைத்தாள். நோட்டைத் திறந்தாள். வலது பத்தியில் அவளுடைய ஒன்பதாம் வகுப்புக் கையெழுத்து. இடது பத்தியில் வரிசையாக வெறும் கட்டங்கள்.

"நா அன்னிக்கே கோடு போட்டு வெச்சேன். நீங்கதா வேணாம்னீங்க."

ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பி மடித்துப் பிடித்தாள். தோள் தையல் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரவில்லை. இடது தோள் அரை இஞ்சு கீழே. அடுத்ததை மடித்தாள், அரை இஞ்சு. மூன்றாவது, அதே அரை இஞ்சு. நீயே வெட்டி நீயே தைத்துக்கொண்டவை. ஊருக்கெல்லாம் மடிப்பில் வெட்டிய துணியைத் தைத்தாய். உனக்கு மட்டும் விரித்துப் போட்டு, ஒவ்வொரு பக்கமாக வெட்டியிருக்கிறாய். பக்கத்திலேயே இருந்தும் நான் ஒருநாள்கூட உன் ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"அது அம்மா இல்ல சின்னம்மா" என்றாள். "நீங்க பாதி அம்மாவ ரெண்டு தடவ வெச்சிருக்கீங்க."

அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. இதுவரை யாரிடமும் சொல்லாதது. நீ போன அன்று உன்னைக் குளிப்பாட்டி உடுத்தும்போது ஜாக்கெட் ஏறவில்லை. கத்தரி பிடிக்கத் தெரிந்தவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். முதுகுப் பக்கம் நீளமாகக் கத்தரித்து, முன்பக்கமாகக் கையை நுழைத்துப் போட்டுவிட்டேன். சரி செய்யும்போது பார்த்தேன், படுத்திருந்த உனக்கு இரண்டு தோளும் சமமாக இருந்தன. மூட்டை தூக்கிய அடையாளம் எதுவும் இல்லை. என் ஃபைலில் மூன்று வருஷமாக நிற்பது அந்த உடம்புதான், அக்கா. உயிரோடு இருந்தபோது ஒருநாளும் நீ அப்படி நின்றதில்லை.

காவ்யாவிடம் அதைச் சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எறக்குங்க" என்றாள்.

டிக்கை எடுத்தேன். இடது தோளைப் பிடித்து இறக்கினேன். ஜாக்கெட்டில் அளந்து, முதுகையும் கைக்குழியையும் மாற்றினேன். திரையில் அரை இஞ்சு ஒன்றுமே இல்லை, மவுஸை இரண்டு தரம் தட்டினால் முடிந்தது. ஆனால் நீ வந்து நின்றாய். சாம்பிள் ரூமில் பையரின் ஆள் கதவைத் தாண்டிய பிறகு நிற்பாயே, அப்படி. நான் அழுதேன். மூன்று வருஷத்தில் முதல் தடவை, அதுவும் ஏசி ரூமில், மவுஸைப் பிடித்துக்கொண்டு. காவ்யா அழவில்லை. என்னை நகர்த்திவிட்டு, துணிப் பட்டியலைத் திறந்து, கைக்குக் கிடைத்த ஒரு நைட்டியை எடுத்து முதலில் உனக்குப் போட்டுவிட்டாள். பூப் போட்ட நைட்டி. உனக்குப் பிடிக்காத மஞ்சள்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"போதும் சின்னம்மா. மூடிடுங்க. இத யாருக்கும் குடுக்க வேணாம்."

ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு பதினெட்டு கம்ப்யூட்டரிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பழைய ஃபைலை அழித்தேன். என் போனில் இருந்த படத்தையும் அழிக்கச் சொன்னாள், அழித்தேன். உனக்கு நான் அனுப்பி, நீ டீச்சர் என்று கிண்டல் செய்த அதே படம்.

சாருக்குக் கோபம் வந்தது. நியாயம்தான். அவர் வாக்குக் கொடுத்திருந்தார், திங்கட்கிழமை வந்துவிட்டது. "என் அளவ எடுத்துக்கலாம் சார்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மரியாதை தெரிந்த மனிதர், மெதுவாகச் சொன்னார்: "மேடம், அவங்க மீடியம் கேட்டாங்க." நான் மீடியத்தைத் தாண்டிப் பல வருஷம் ஆகிறது. "அங்க வேல செய்யறவங்க எல்லாரும் மீடியமா சார்?" என்று கேட்டேன். அவர் கம்பெனியிடம் ஒரு வாரம் தவணை வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரம் வகுப்பில் கம்ப்யூட்டர் போடவில்லை. டேப் வாங்கி வந்தேன். பெண்கள் பெண்களை, பையன்கள் பையன்களை, தடுப்புக்குப் பின்னால் அளந்தார்கள். இரண்டு பக்கமும். நின்று ஒரு தரம், உட்கார்ந்து ஒரு தரம், கையைத் தூக்கி ஒரு தரம். முதலில் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒருத்திக்கு ஒரு கை தடிமன் அதிகம். ஒருத்திக்கு ஒரு இடுப்பு மேலே. இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தவர் யாரும் இல்லை. அளவு கொடுக்கிறவரிடம் சம்மதம் கேட்டுத்தான் எழுத வேண்டும், எழுதிய தாள் அவரிடமே போய்விடும். இந்தச் சட்டம் நான் போட்டதில்லை, காவ்யா போட்டது.

என்னை அவள்தான் அளந்தாள். பேட்டர்ன் வெட்ட ஆரம்பித்த நாளிலிருந்து எத்தனையோ பேர் உடம்பில் டேப் வைத்திருக்கிறேன். என் மேல் வைத்தவர் யாரும் இல்லை. டேப் சில்லென்று இருந்தது. மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை ஒடுக்கினேன். "விடுங்க சின்னம்மா" என்றாள். அந்த இடத்தில் நீ இத்தனை வருஷம் தோளைத் தூக்கிக்கொண்டு நின்றாய் என்று அப்போது உறைத்தது. என்னை மன்னிப்பாயா? கேட்டு வைக்கிறேன். பதில் வராத இடத்தில் கேட்பது சுலபம்தானே.

என் அளவையே வைத்துக்கொள்ளக் கடைசியில் சாரும் ஒத்துக்கொண்டார்; இப்போது திரையில் நிற்பது நான். ஆபரேஷன் வயிறும் ஏறின வலது இடுப்புமாக. திறந்ததும் சட்டையோடுதான் வரும்படி செய்திருக்கிறோம். "மேடத்தக் கொஞ்சம் திருப்புடா" என்று பிள்ளைகள் சொல்வது காதில் விழும். நான் உள்ளே போனால் சத்தம் நின்றுவிடும். யூனிஃபார்ம் சட்டைக்குக் காவ்யா அக்குளில் சின்னதாக ஒரு துண்டு வைத்திருக்கிறாள். கையைத் தூக்கினால் சட்டை கூடவே வருவதில்லை. எங்கே கற்றாள் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கணக்கு நோட்டை நேற்று காட்டினாள். உன் அளவு எழுதிய பக்கத்தில், இடது பத்தியில் தோள், முதுகு, கைக்குழி மூன்றும் நிரம்பியிருக்கின்றன. ஜாக்கெட் அவ்வளவுதான் கொடுத்தது. இடது மணிக்கட்டு, இடது தொடை, முழங்கால், கணுக்கால் எல்லாம் வெறும் கட்டங்கள். வலது பக்கத்து எண்ணையே எடுத்து எழுதிவிட என் கை போனது. பழக்கம். காவ்யா நோட்டை மூடிவிட்டாள்.

அந்தக் கட்டங்களை நான் நிரப்ப மாட்டேன், அக்கா. கற்பனையாலும் நிரப்ப மாட்டேன், கணக்காலும் நிரப்ப மாட்டேன். இனி என் டேப்புக்கு முன் யார் வந்து நின்றாலும், அவர்கள் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிற வரை டேப்பைச் சுருட்டவும் மாட்டேன்.

இப்படிக்கு,
காவ்யாவின் சின்னம்மா,
மாதேசு